புதுப்பிப்பு: பிராணாயாமம் செய்தால் தலைசுற்றல் – இப்போது சரியாகிவிட்டது

மூன்று மாதம் முன்பு இங்கே கேட்டிருந்தேன். திருமந்திரம் சொல்லும் கணக்குப்படி, இடது நாசியில் 16 மாத்திரை (கால அளவு) மூச்சை இழுத்து, 64 நிறுத்தி, 32-ல் விடப் பார்த்தால் தலை சுற்றுகிறது, என்ன செய்வது என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

பலன் தந்தது "கும்பகத்தை (மூச்சை உள்ளே நிறுத்துவதை) அப்படியே விட்டுவிடுங்கள்" என்ற யோசனைதான். மூச்சை நிறுத்தாமல் 4 எண்ணி இழுத்து 8 எண்ணி விட்டேன். இரண்டாம் வாரமே தலைசுற்றல் நின்றது. ஒரு மாதம் கழித்து 5–10. இன்றும் அதே அளவுதான், ஏற்றும் அவசரம் இல்லை.

எதிர்பாராதது ஒன்று. தவறு எண்ணிக்கையிலேயே இருந்திருக்கிறது. மாத்திரை என்பது இலக்கணப்படி கண் இமைக்கும் அல்லது கை நொடிக்கும் நேரம். நானோ கைபேசியைப் பார்த்து விநாடி விநாடியாக எண்ணி, ஒரு நிமிடத்துக்கு மேல் மூச்சை அடக்கியிருக்கிறேன்! முதல் நாளிலேயே, அதுவும் குரு இல்லாமல். அப்புறம் தலை சுற்றாமல் என்ன செய்யும்?

இப்போது கடிகாரம் கிடையாது. மனதுக்குள் 'நமசிவாய' சொல்லி, எழுத்துக்கு ஒன்றாக எண்ணுகிறேன். 5–10 அதில் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஜபமும் கூடவே நடந்துவிடுகிறது.

அதிகாலையில் எழச் சொன்னவர்கள் மன்னிக்கவும், அது நடக்கவில்லை. மாலை விளக்கேற்றியதும் உட்கார்கிறேன். கம்பளியை மடித்துப் போட்டுச் சுகாசனம், பதினைந்து நிமிடம். கும்பகம் கற்க நேரில் ஓர் ஆசிரியரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.