ரொறொன்ரோப் பகுதியில் டெக் கட்டியவர்களின் அனுபவங்கள்: கணக்கு எந்த இடத்தில் எகிறியது?

ஸ்காபரோவிலிருந்து:

பின்வளவில் டெக், அதாவது வீட்டை ஒட்டிய பலகைத் தளம், போட்டவர்களுக்கு முன்கதை தேவையில்லை. 12க்கு 16 அடி, கொம்போசிற் பலகை (மரத்தூளும் பிளாஸ்ரிக்கும் கலந்து செய்தது), நான்கு படிகள், எல்லாம் சேர்த்து 14,000 டொலர் என்று ஒப்பந்தகாரர் ஒற்றை வரியில் எழுதித் தந்திருந்தார். என் மனதை இன்றைக்கும் அரிப்பது மாநகரசபைப் பரிசோதகர் வந்த அந்தக் காலைப்பொழுதுதான். பலகையின் தரத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டெக்கின் தூணுக்குத் தோண்டிய குழியின் ஓரத்தில் குந்தியிருந்து அளவுநாடாவை உள்ளே இறக்கி, மண்மட்டத்துக்கு வந்த இடத்தைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்தபடி எனக்குக் காட்டினார்: மூன்று அடி இரண்டு அங்குலம். ரொறொன்ரோவில் உறைபனி இறங்கும் ஆழத்துக்காக 4 அடி தோண்ட வேண்டும் என்பது ஒப்பந்தகாரருக்குத் தெரியாத விடயமல்ல. மிச்சப் பத்து அங்குலத்துக்கு இயந்திரம் கொண்டுவர வேண்டும் என்றும், அது பேசிய விலைக்குள் வராது என்றும் அவர் சொன்னபோது பரிசோதகர் இன்னும் வாசலில்தான் நின்றார். படிகளின் கைப்பிடியும் அந்த ஒற்றை வரிக்குள் இல்லை என்பது அன்றைக்கே தெரியவந்தது. 13 விழுக்காட்டு விற்பனை வரி, அதாவது 1,820 டொலர், அதற்கும் மேலே.

பிராம்ப்டனிலிருந்து:

ஸ்காபரோ நண்பர் முழுப் பழியையும் ஒப்பந்ததாரர் மேல் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒற்றை வரியில் எழுதப்பட்ட விலைக்குள் என்னென்ன அடங்கும் என்பதை இரு தரப்பும் தங்களுக்கு வசதியாகத்தான் படிப்பார்கள். எனக்கு நடந்தது வேறு. அனுமதிக்குக் கொடுத்த வரைபடம் திரும்பி வந்தபோது, வீட்டுச் சுவரோடு டெக்கைப் பிணைக்கும் கட்டையைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். இங்குள்ள புதிய குடியிருப்புகளில் நாம் செங்கல் சுவர் என்று நினைப்பது மரச்சட்டத்துக்கு வெளியே அடுக்கிய ஒற்றைவரிசைச் செங்கல் மட்டுமே. டெக்கின் பாரத்தை அதில் ஏற்றக் கூடாது. ஆகவே டெக் தன் கால்களிலேயே நிற்கும்படி, சுவரை ஒட்டி இன்னொரு உத்தரமும் அதைத் தாங்கக் கூடுதலாக மூன்று கான்கிரீட் தூண்களும் சேர்ந்தன. பலகையின் விலையை மூன்று கடைகளில் ஒப்பிட்டுச் சேமித்த பணம் அந்த மூன்று குழிகளுக்குள் போய்விட்டது.

நண்பருக்கு ஒரு தகவல். ஒன்டாரியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் மதிப்பீடு எழுதப்பட்டிருந்தால் அதற்கு மேல் 10 சதவீதத்துக்கு அதிகமாகக் கேட்க முடியாது. கூடுதல் வேலைக்கு நீங்களே புதிதாக ஒப்புதல் கொடுத்திருந்தால் கதை வேறு. இயந்திரத்துக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டீர்களா என்பதை முதலில் சொல்லுங்கள்.

எற்றோபிக்கோவிலிருந்து:

நான் 2021 வசந்தகாலத்தில் விலை கேட்டவள். மதிப்பீட்டின் அடியில் "இவ்விலை ஏழு நாட்களுக்கு மட்டும்" என்ற வரி இருந்தது. எட்டாம் நாள் தொலைபேசி எடுத்தபோது புதிய விலை சொன்னார்கள். பெருந்தொற்றுக்கு முன் ஆயிரம் பலகையடிக்கு (பலகையடி என்பது மரத்தை அளக்கும் அலகு) 400 அமெரிக்க டொலர் அளவில் இருந்த மரத்தின் முன்பேர விலை அந்த மே மாதம் 1,600ஐத் தாண்டியிருந்தது என்பது பின்னர்தான் தெரியும். நான் பின்வாங்கினேன், கோடை முடியுமுன் விலை சரிந்தது. அந்த இடைவெளியில் கணவர் ஒரு யோசனை சொன்னார். கதவடியில் இரண்டு படி இறக்கி, டெக்கின் தளத்தை மண்ணிலிருந்து 60 சென்ரிமீற்றருக்குள் வைத்துக்கொண்டோம். அந்த உயரத்துக்குள் சுற்றுக்கம்பித் தடுப்பு கட்டாயமில்லை, எங்கள் விடயத்தில் கட்டட அனுமதியும் தேவைப்படவில்லை. எல்லையிலிருந்து விடவேண்டிய தூரத்தை மட்டும் பார்த்துக்கொண்டோம். தடுப்பின் விலையை நீளத்தில் ஓர் அடிக்கு எவ்வளவு என்று விசாரித்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

ஏஜாக்ஸிலிருந்து:

என் கதை சிறியது. மூன்றாவது குளிர்காலத்துக்குப் பிறகு ஒரு திருகாணியைக் கழற்றப் பார்த்தேன். தலை மட்டும் கையோடு வந்தது. பதப்படுத்திய மரத்தில் ஆர்செனிக் கலவையின் இடத்தைச் செம்புக் கலவைகள் பிடித்த பின்னர், சாதாரண இரும்பு அதற்குள் விரைவாக அரித்துப்போகும். உருக்கிய துத்தநாகத்தில் தோய்த்த திருகாணிகளும் இணைப்புத் தகடுகளும் வேண்டும், அவற்றின் விலை உங்களைத் திடுக்கிட வைக்கும்.

இனி, யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். டெக்கின் அளவை வளவைப் பார்த்துத் தீர்மானிக்காமல், பலகை விற்கும் நீளத்தைப் பார்த்துத் தீர்மானியுங்கள். கொம்போசிற் பலகை பெரும்பாலும் 12, 16, 20 அடிகளில் வரும், அகலம் ஏறத்தாழ ஐந்தரை அங்குலம். 12க்கு 16 என்றால், இடைவெளியைக் கணக்கில் எடுக்காமல், 16 அடிப் பலகை 27 போதும். சற்றுப் பெரிதாக இருக்கட்டும் என்று 13க்கு 17 ஆக்கினால் 20 அடிப் பலகை 29 வேண்டும், ஒவ்வொன்றிலும் மூன்று அடியை வெட்டி எறிய வேண்டும். பலகையைச் சாய்வாகப் பதிக்க ஆசைப்படுபவர்கள், அடியிலுள்ள தாங்குமரங்களை 16 அங்குலத்துக்கு ஒன்று என்பதிலிருந்து 12 அங்குலத்துக்கு ஒன்று என நெருக்க வேண்டிவரும் என்பதையும் விலைக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். கொம்போசிற் வாங்கினாலும் அடிச்சட்டம் பதப்படுத்திய மரம்தான். ஆகவே "பலகை மட்டும் இரண்டு மடங்கு" என்று விற்பவர் சொல்வது உண்மை, அதற்காக முழுச் செலவும் இரண்டு மடங்காகிவிடாது. குழி தோண்டுமுன் நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் குறித்துத் தரும் ஒன்ராறியோ வன் கோல் சேவை இலவசம். அதற்கென்று ஒருவர் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஒன்ராறியோக் கட்டுமானச் சட்டப்படி ஒப்பந்தகாரருக்குக் கொடுக்க வேண்டிய தொகையில் 10 விழுக்காட்டைப் பிடித்துவைப்பது உங்கள் விருப்பம் அல்ல, உங்கள் கடமை. முற்பணமாகப் பாதியை நீட்டியவர்களுக்கு இதைச் சொல்லிப் பயனில்லை.

ஸ்காபரோ நண்பர் மூன்று படியோடு நிறுத்தியிருந்தால் கைப்பிடியே தேவைப்பட்டிருக்காது.

ஸ்காபரோவிலிருந்து, மீண்டும்:

மூன்று படியில் இறங்க எங்கள் கதவு மண்ணிலிருந்து அவ்வளவு தாழ்வாக இல்லை, ஐயா. பிராம்ப்டன் நண்பருக்கு: கையெழுத்து எதுவும் போடவில்லை, வட்ஸ்அப்பில் "சரி, செய்யுங்கள்" என்று மனைவி அனுப்பியிருந்தார். அது ஒப்புதலாகுமா என்பதில்தான் இப்போது வழக்கு நிற்கிறது. பத்து விழுக்காட்டை இன்னும் கொடுக்கவில்லை. படிகளுக்குக் கைப்பிடி மட்டும் தனியாகச் செய்து தருபவர்கள் ஸ்காபரோப் பக்கம் இருந்தால், பொருள் வேறாகவும் கூலி வேறாகவும் விலை எழுதித் தருபவர்களாகப் பார்த்து அறியத் தாருங்கள்.