விடாமுயற்சிக்குத் துணை நின்றவர்கள்: உறுப்பினர்களின் அனுபவப் பகிர்வு

ஓய்வுபெற்ற நூலகர்

உழைப்பைப் பற்றியும் நட்பைப் பற்றியும் நாள்தோறும் நம் கண்ணில் படும் பொன்மொழிகளுக்குக் குறைவில்லை. அவற்றுள் பெரும்பாலானவை படித்த அன்றே மறந்துபோகின்றன. ஆகவே இங்கே மேற்கோள்களைத் தொகுப்பதைவிட, சோர்ந்து போகக்கூடிய வேலையில் ஒருவரைத் தொடர்ந்து இருத்தி வைத்தது எது என்பதை, அவரவர் நேரில் கண்டபடி எழுதலாம் என்று கருதுகிறேன். முதலில் நான் கண்டதைச் சொல்கிறேன்.

நான் பணியாற்றிய நூலகத்துக்குப் பார்வையற்ற சட்ட மாணவி ஒருவர் தம் தோழியுடன் வருவார். தோழி வேறு துறையில் படித்தவர். சட்டத்தோடு அவருக்கு எந்தத் தொடர்பும் இல்லை. மற்ற வாசகர்களுக்கு இடையூறு நேராதபடி, பழைய இதழ்களை அடுக்கியிருந்த சிறிய அறையை அவர்களுக்கு ஒதுக்கிக் கொடுத்திருந்தோம். தோழி உரக்கப் படிப்பார்; மாணவி பிரெய்ல் எழுத்தில் குறிப்பெடுப்பார். பிரெய்லில் எழுதுவது எவ்வளவு பொறுமையைக் கேட்கும் வேலை என்பது பலருக்குத் தெரியாது. ஆறு புள்ளிகளின் இடமாற்றத்தால் எழுத்துகள் அமைகின்றன. கட்டங்கள் வெட்டிய பிரெய்ல் பலகையையும் ஊசியையும் கொண்டு எழுதும்போது தாளின் பின்புறத்திலிருந்து, வலமிருந்து இடமாக, புள்ளி புள்ளியாகக் குத்தி, பிறகு தாளைத் திருப்பி விரலால் தடவிப் படிக்க வேண்டும். பார்வையுள்ளவர் ஒரு வரியை அடிக்கோடிட்டுக் கடந்துவிடும் நேரத்தில், அவர் அந்த வரியின் முதற்சொல்லில் இருப்பார்.

அவர்களிடம் இரண்டு வழக்கங்களைக் கவனித்தேன். முதலாவது, எந்த நாளும் ஒரு பகுதியை முழுமையாக முடித்துவிட்டு அவர்கள் எழுந்ததில்லை. காரணம் கேட்டபோது, "முடித்துவிட்டுப் போனால் நாளைக்குப் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும், ஐயா, தொடங்குவதுதான் கடினம். பாதியில் வைத்துவிட்டுப் போனால், தொடர்ந்தால் போதும்" என்றார் மாணவி. இரண்டாவது, தோழி அவரைப் பாராட்டி நான் கேட்டதே இல்லை. கவனம் சிதறுவது தெரிந்தால் படிப்பதை நிறுத்திவிட்டு, இதுவரை படித்ததை அவர் சொற்களில் சொல்லும்படி கேட்பார். சொல்ல முடியாவிட்டால் பக்கத்தைப் பின்னோக்கித் திருப்புவார். அதனால் இருவருக்கும் சண்டை வருவதும் உண்டு.

ஒருமுறை தோழி நோயுற்றிருந்தபோது மாணவி தனியாக வந்தார். நூலகப் பணியாளர்கள் முறைவைத்து அவருக்குப் படித்துக் காட்டினோம். ஓய்வெடுத்துக்கொள்ளலாமே என்று நான் சொன்னதற்கு, "நானும் வராமல் இருந்துவிட்டால், தன்னால்தான் படிப்பு நின்றது என்று அவள் வருந்துவாள்" என்று பதில் சொன்னார். ஒருவருடைய மன உறுதி என்று நாம் வியப்பதில் இன்னொருவருக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பதை அந்த அறையில்தான் நான் பார்த்தேன்.

கணித ஆசிரியை

நூலகர் ஐயா கூறியுள்ள பங்கு கணிதத்திலும் உண்டு என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். அறிவுள்ளவர்கள் தடுமாறுவதில்லை, தடுமாறுகிறவர்களுக்கு அறிவில்லை என்ற எண்ணம் என் மாணவர்களிடம் மிக இளம் வயதிலேயே ஊன்றிவிடுகிறது. ஒரு மாணவன் தவறான முயற்சிகள் அனைத்தையும் தாள் கிழியும் அளவுக்கு அழித்துவிட்டு, வெறும் பக்கத்தைக் கொண்டுவந்து, "எனக்கு எதுவும் தோன்றவில்லை, அம்மா" என்பான். எவ்வளவோ தோன்றியிருக்கிறது என்பதற்கு அந்தக் கிழிந்த தாளே சான்று. அவனை உட்கார வைத்து, கணித அறிஞர் ஆண்ட்ரூ வைல்ஸ் பற்றிச் சொன்னேன்.

இரண்டுக்கு மேற்பட்ட எந்த முழு எண் n-க்கும் xⁿ + yⁿ = zⁿ என்பதை நிறைவு செய்யும் நேர்ம முழு எண்கள் இல்லை என்று பதினேழாம் நூற்றாண்டில் ஃபெர்மா என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் நிறுவல் தராமல் எழுதி வைத்துவிட்டுப் போன கூற்றை, பத்து வயதில் நூலகப் புத்தகம் ஒன்றில் கண்டு, அதை நிறுவ வேண்டும் என்று ஆசைப்பட்டவர் வைல்ஸ். 1986இல் அந்த வேலையில் முழுமையாக இறங்கி, ஏறத்தாழ யாரிடமும் சொல்லாமல் ஏழு ஆண்டுகள் உழைத்து, 1993 ஜூன் மாதம் கேம்பிரிட்ஜில் நிகழ்த்திய சொற்பொழிவில் நிறுவிவிட்டதாக அறிவித்தார். உலகம் முழுவதும் செய்தியானது. பொதுவாக இந்தக் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். என் மாணவனுக்குத் தேவைப்பட்டது இதற்குப் பிறகு நடந்தது. கட்டுரையைச் சரிபார்த்தபோது அதில் ஓர் இடைவெளி இருப்பது வெளிப்பட்டது. ஒரு படியைச் செப்பனிட்டால் போதும் என்று தோன்றிய அந்தக் குறை, மாதக்கணக்கில் பிடிகொடுக்காமல் நின்றது. தனியாகவே உழைத்துப் பழகிய வைல்ஸ், தம் முன்னாள் மாணவர் ரிச்சர்ட் டெய்லரைத் துணைக்கு அழைத்தார். அதன்பின்னும் வழி பிறக்காமல் கைவிடும் நிலைக்கு வந்தபோது, தம் முறை ஏன் தோற்றது என்பதையாவது புரிந்துகொள்வோம் என்று 1994 செப்டம்பரில் அதை மீண்டும் எடுத்துப் பார்த்தார். பல ஆண்டுகளுக்கு முன் பயன்படாது என்று தாமே ஒதுக்கி வைத்திருந்த இவசாவா கோட்பாடு என்னும் எண்ணியல் கோட்பாட்டையும் தோல்வியடைந்த அந்த முறையையும் சேர்த்தால், ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. 1995இல் வெளியான இரண்டு கட்டுரைகளுள் ஒன்றில் வைல்ஸ், டெய்லர் இருவர் பெயரும் இருக்கின்றன.

கதையைக் கேட்டு அவன் மேதையாகிவிடவில்லை. கதைகளால் அப்படி யாரும் ஆவதில்லை. ஆனால் அதன்பிறகு எங்கள் வகுப்பில் அழிப்பான் பயன்படுத்துவதை நிறுத்தினோம். தவறான வழியை ஒற்றைக் கோட்டால் அடித்துவிட்டு, அது ஏன் பயன்படவில்லை என்று அருகில் ஒரே ஒரு வாக்கியம் எழுத வேண்டும்; அந்த வாக்கியத்தைப் பக்கத்தில் இருப்பவர் படித்து, புரியவில்லையென்றால் கேட்க வேண்டும். விடையைப் பிறரிடம் காட்டத் தயங்காத மாணவர்கள்கூட அடித்த வரியைக் காட்டத் தயங்கினார்கள். அந்தக் கூச்சம் விலகச் சில மாதங்கள் பிடித்தன. இப்போது அந்தப் பையன் கடினமான கணக்கொன்றைக் கொண்டுவந்தால், முதலில் தன் தோழன் அடிக்கோடிட்டுக் கேட்ட கேள்வியைத்தான் எனக்குக் காட்டுகிறான்.

கணக்குத் தணிக்கையாளர்

ஆசிரியை அவர்கள் மன்னிக்க வேண்டும். இத்தகைய கதைகளில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. வென்றவர்களின் விடாமுயற்சியை மட்டுமே நாம் கேள்விப்படுகிறோம். அதே அளவு உழைத்தும் நிறுவ முடியாமல் போனவர்களைப் பற்றி யாரும் சொற்பொழிவு ஆற்றுவதில்லை.

என்னுடன் பணியாற்றிய ஒருவர் ஒரு தொழில்முறைத் தேர்வின் இறுதிக் கட்டத்தைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார். நாங்கள் அனைவரும் "விடாதே" என்றோம். அப்படிச் சொல்வதில் நமக்கு ஒரு செலவும் இல்லை. அவருடைய நெடுநாள் நண்பர் ஒருவர் மட்டும், "உனக்கு அந்தப் பட்டம் வேண்டுமா, அல்லது விடாமல் முயல்கிறவன் என்ற பெயர் வேண்டுமா?" என்று கேட்டார். சில மாதங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பிறகு தேர்வை விட்டுவிட்டு, கையில் இருந்த வேலையிலேயே அவர் மேலே வந்தார். அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு நாங்கள் யாரும் துணியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் தவறினாலும் எல்லாம் பாழ் என்று அஞ்சி, இரண்டாம் நாளே முயற்சியைக் கைவிடுகிறவர்கள் பலர். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 96 பேரைக் கொண்டு நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் பழக்கமாகப் படிவதற்கான காலம் 18 நாள் முதல் 254 நாள்வரை ஆளுக்கு ஆள் வேறுபட்டது. நடுவில் ஒருநாள் தவறியது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை. இருபத்தொரு நாளில் பழக்கம் படிந்துவிடும் என்ற கணக்கைச் சொல்லிப் பிறரை அச்சுறுத்துகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இயன்முறை மருத்துவர்

எப்போது முயற்சியை விட்டுவிடுவது என்று தணிக்கையாளர் எழுப்பியுள்ள கேள்வி எங்கள் துறையில் அன்றாடம் எழுவது. பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்தவர்களில் பலருக்கு, அந்தக் கையில் சிறிது இயக்கம் திரும்பிய பிறகும் அதைப் பயன்படுத்தத் தோன்றுவதில்லை. முதல் வாரங்களில் முயன்று தோற்றதால், நல்ல கையாலேயே எல்லாவற்றையும் செய்துகொள்ள மூளை பழகிவிடுகிறது. இதை மாற்றுவதற்கு எட்வர்ட் டாப் என்னும் உளவியலாளர் வகுத்த சிகிச்சையில், விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியில் நல்ல கைக்குத் தடித்த உறை அணிவித்துவிட்டு, பாதிக்கப்பட்ட கைக்கு நாளொன்றுக்குப் பல மணி நேரம், இரண்டு வாரங்கள் பயிற்சி அளிக்கிறோம். பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதங்கள் ஆன 222 பேரிடம் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வில், இதன் பலன் ஓராண்டுக்குப் பின்னும் நிலைத்திருந்தது. ஆனால் மணிக்கட்டிலும் விரல்களிலும் ஓரளவாவது அசைவு இருப்பவர்களுக்கே இது பொருந்தும். அதுவும் இல்லாத ஒருவரிடம் மன உறுதியைப் பற்றிப் பேசுவது கொடுமை.

என்னிடம் வந்த முதியவர் ஒருவருக்கு அந்த அசைவு இருந்தது. ஆனால் வீட்டில் அவர் எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அவர் பொத்தானைத் தொடுவதற்கு முன்பே அவருடைய மனைவி அதைப் போட்டு முடித்திருப்பார். அந்த அம்மையார் மேல் குற்றமில்லை. அன்புள்ளவர்களுக்குக் கை சும்மா இருக்காது. மாற்றம் வந்தது முதியவருடைய பழைய நண்பரால். அவர் ஒரு சதுரங்கப் பலகையைக் கொண்டுவந்து, வராத கையால்தான் காய் நகர்த்த வேண்டும் என்று நிபந்தனை போட்டார். காய் விழுந்தால் எடுத்துக் கொடுக்கமாட்டார். ஒரு குதிரையை நகர்த்துவதற்கு நெடுநேரம் ஆகும். அதுவரை நண்பர் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு படிப்பார். அது அவர் படிப்பதற்காக அல்ல என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது: யாரும் உற்றுப் பார்க்காதபோதுதான் அந்தக் கை நடுங்காமல் இயங்கியது.

அதுமுதல், நோயாளியின் வீட்டாரிடம் முதல் சந்திப்பிலேயே ஒன்றைக் கேட்டுவிடுகிறேன்: அவசரப்படுத்தாமலும், எடுத்துச் செய்துவிடாமலும் இவர் பக்கத்தில் உட்காரக்கூடியவர் யார்? சில வீடுகளில் பெயர் உடனே வருகிறது. சில வீடுகளில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பெயர் வராத இடத்தில் பயிற்சியைத் தொடர்வது கடினம் என்பது என் அனுபவம்.

எங்கே நிறுத்துவது என்பதற்கும் எங்களிடம் வழி உண்டு. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அளந்து பார்க்கிறோம். மாற்றம் இல்லாத செயலுக்கு வேறு உபாயம் கற்றுக்கொடுக்கிறோம். அந்த முதியவருக்குச் சட்டையின் மற்றப் பொத்தான்கள் வசப்பட்டன, கழுத்துப் பொத்தான் மட்டும் கடைசிவரை வரவில்லை. அதற்குப் பொத்தான் மாட்டும் கொக்கி ஒன்றைக் கொடுத்தோம், அவரும் மறுப்பின்றி வாங்கிக்கொண்டார். நண்பரைப் பற்றித்தான் அவருக்குக் குறை: இத்தனை நாளில் ஓர் ஆட்டத்தைக்கூட விட்டுக்கொடுக்கவில்லையாம்.