கலை ரசனைப் பாடம் படித்தவர்களின் அனுபவங்கள்: காளை இல்லாத இடத்தில் ஒரு கை

தஞ்சாவூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

பணி ஓய்வுக்கு இரண்டு ஆண்டுகள் இருந்தபோது, வேலைக்குச் செல்பவர்களுக்காக மாலையில் நடக்கும் பட்டப்படிப்பு ஒன்றில் சேர்ந்தேன். முதல் பருவத்திலேயே கலை ரசனை என்றொரு கட்டாயப் பாடம் இருந்தது. வங்கியில் காசாளராக இருந்தவள் நான். கட்டில் ஒரு கள்ள நோட்டு இருந்தால் விரல் பட்டதும் சொல்லிவிடுவேன் என்று சக ஊழியர்கள் சொல்வார்கள். அதனால் பார்ப்பதற்கு எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை என்ற எண்ணத்துடன்தான் வகுப்பில் உட்கார்ந்தேன்.

மூன்றாவது வாரம் அரண்மனை வளாகத்தில் உள்ள கலைக்கூடத்துக்கு எங்களை அழைத்துச் சென்று, திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகன தேவரின் செப்புத் திருமேனி முன் நிறுத்தினார்கள். விளக்கப் பலகையைப் படிக்கக் கூடாது, கைப்பேசியை எடுக்கக் கூடாது, இருபது நிமிடம் பார்த்துவிட்டு ஒரு பக்கம் எழுத வேண்டும் என்பது நிபந்தனை. 'கருணை பொழியும் விழிகளுடன் ஈசன் காட்சி தருகிறார்' என்று தொடங்கி ஏழு நிமிடத்தில் பக்கத்தை நிரப்பிவிட்டு, மீதி நேரம் காற்றாடிக்கு அடியில் நின்றேன். மறுவாரம் தாள் திரும்பி வந்தபோது அந்த முதல் வரியின் கீழே சிவப்பு மையில், 'கருணை எங்கே தெரிகிறது? இமையிலா, புருவத்திலா, உதட்டிலா?' என்று ஆசிரியை எழுதியிருந்தார். பத்துக்கு மூன்று மதிப்பெண்.

அந்தச் சனிக்கிழமை யாரும் சொல்லாமலே மீண்டும் போனேன். பாம்புகள் பின்னிய சடையைத் தலைப்பாகைபோலச் சுற்றிக்கட்டி, ஒரு காலை மற்றொரு காலுக்குக் குறுக்கே வைத்து, உடலை லேசாகச் சாய்த்து நிற்கும் இளைஞனின் உருவம் அது. ஒரு கை தொடையை ஒட்டி இருக்க, மற்றொரு கை முழங்கையில் மடங்கி, விரல்கள் தளர்ந்து, வெறும் காற்றின்மேல் கிடக்கிறது. என் தாளில் அதை 'அருள் வழங்கும் முத்திரை' என்று எழுதியிருந்தேன். உண்மையில் எந்த முத்திரைக்கும் அந்த விரல்கள் பொருந்தவில்லை.

விடை சொன்னவர் என்னுடன் படிக்கும் ஒரு பெண். ஒரத்தநாட்டுப் பக்கத்தில் மாடு வளர்க்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். "அக்கா, மாட்டின் திமிலில் கையைப் போட்டுக்கொண்டு நிற்பவர்கள் இப்படித்தான் நிற்பார்கள். எங்கள் அப்பா தினமும் நிற்பார்" என்றார். பிறகுதான் பலகையைப் படித்தோம். அருகில் இருந்திருக்க வேண்டிய காளை கிடைக்கவில்லை. முதலாம் இராசராசன் காலத்தில், 1011-ஆம் ஆண்டையொட்டிச் செய்யப்பட்ட அந்தத் திருமேனி, சாய்ந்துகொள்ள ஒன்றும் இல்லாமலே சாய்ந்து நிற்கிறது. காளை அருகில் இல்லாமலே அதன் உயரத்தையும் முதுகின் அகலத்தையும் அந்த ஒரு கை எனக்குச் சொல்லிவிட்டது.

எட்மண்ட் ஃபெல்ட்மன் என்ற அமெரிக்கக் கலைக் கல்வியாளர் வகுத்த நான்கு படிகளைத்தான் எங்கள் வகுப்பில் பின்பற்றினார்கள். கண்ணில் படுவதை விவரிப்பது, உறுப்புகளின் அமைப்பைப் பகுப்பது, பொருள் கொள்வது, கடைசியில் மதிப்பிடுவது என்பது அந்த வரிசை. நான் மூன்றாம் படியில் ஏறி நின்றுகொண்டு முதல் படியைத் தேடியிருக்கிறேன். ஆனாலும் இந்த முறை எல்லாவற்றுக்கும் போதும் என்று நான் நினைக்கவில்லை. இத்தகைய திருமேனிகள் விழா நாளில் பட்டும் மாலையும் சாற்றி, தோளில் தூக்கி வீதிவலம் கொண்டு செல்வதற்காகச் செய்யப்பட்டவை. சோழர் காலத் திருமேனிகள் பலவற்றின் பீடத்தில் கழி செருகத் துளையோ வளையமோ இருப்பதைப் பாருங்கள். கண்ணாடிக்குப் பின்னால் அசையாமல் நிற்பதை மட்டும் விவரித்தால், அந்தத் துளைக்கு என்ன பொருள் சொல்வது? இதை வகுப்பில் கேட்டபோது ஆசிரியை சிரித்துவிட்டு, அதையே அடுத்த கட்டுரையாக எழுதச் சொல்லிவிட்டார். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்தக் கட்டுரைக்காகச் சுவாமிமலைக்குப் போனேன். அங்கே ஸ்தபதி தென்னை ஓலையிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்து, செய்யப்போகும் உருவத்தின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து அங்க அளவுகளைக் குறித்தார். அதற்கு ஒடியோலை என்று பெயர். பிறகு தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். உருவத்தை வெளியே எடுக்க மண் கருவை உடைத்தே ஆக வேண்டும் என்பதால் ஒரு கருவிலிருந்து ஒரு திருமேனிதான் வரும். காற்றின்மேல் கிடந்த அந்த விரல்களும் முதலில் யாரோ ஒருவர் மெழுகில் பிடித்தவை என்று தெரிந்த பிறகு, அவற்றின் தளர்ச்சி இன்னும் நன்றாகப் புரிந்தது.

கோயம்புத்தூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

மேலே எழுதிய அம்மையாருக்கு வணக்கம். எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. நாற்பத்தொரு வயதில் இதே பாடத்தைப் படித்தபோது, எங்கள் ஊரில் 1911-இல் பிறந்தவரும் 1966-இல் சென்னைக்கு அருகே ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து வாழும் சோழமண்டலக் கலைக் கிராமம் உருவாக முன்னின்றவருமான கே. சி. எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களில் ஒன்றைத் திரையில் காட்டினார்கள். ஜாதகம்போலக் கட்டங்கள், ஓரத்தில் சிறு உருவங்கள், நடுவில் நெருக்கமாக மலையாள எழுத்துகள். எனக்கு மலையாளம் படிக்கத் தெரியும். ஆகவே விவரிக்கச் சொன்ன நேரம் முழுவதும் எழுத்துக்கூட்டிக்கொண்டே இருந்தேன், ஒரு வரிகூடப் பொருள் தரவில்லை. மலையாளம் தெரியாத மற்றவர்கள் அதற்குள் நிறத்தையும், எழுத்துகள் எங்கே அடர்ந்து எங்கே விலகுகின்றன என்பதையும் எழுதி முடித்திருந்தார்கள். இறுதியில் படத்தைத் தலைகீழாகக் காட்டும்படி கேட்டுக்கொண்டேன். அப்போதுதான் எழுத்துகள் என் கண்ணுக்கு வெறும் கோடுகளாயின, என் பேனாவும் நகர்ந்தது.