ஹோம் பிளேட் மோதல்: அம்பயரிங் தெரிஞ்சவங்க கொஞ்சம் உதவுங்க

வணக்கம். சேலத்துல பசங்க ஆடுற பேஸ்பால் பயிற்சி ஆட்டங்களுக்கு நான்தான் அம்பயர். போன வாரம் காந்தி மைதானத்துல ஆரம்பிச்ச பஞ்சாயத்து இன்னும் வாட்ஸ்அப்ல ஓடுது.

மூணாவது பேஸ்ல இருந்து ரன்னர் ஹோம் பிளேட்டுக்கு (ரன் எடுக்கத் தொட வேண்டிய கடைசி இடம்) பாஞ்சு வர்றான். ரைட் ஃபீல்டுல (வெளி மைதானத்தோட வலது பக்கம்) இருந்து வந்த த்ரோ தரையில ஒரு குத்து குத்தி, அவன் வர்ற பக்கமாவே விலகிடுச்சு. பிளேட்டைக் காக்குற கேட்சர் இடது காலை ரன்னர் ஓடி வர்ற கோட்டு மேல வச்சு எட்டிப் பிடிச்சான். பிடிச்ச மாத்திரத்துல ரன்னர் தோளை இறக்கி நெஞ்சுல இடிச்சுட்டான். மாஸ்க் ஒரு பக்கம், பந்து ஒரு பக்கம். அவுட் கொடுத்தேன். "வழிய மறிச்சது அவன், அவுட் எனக்கா சார்?"னு ரன்னர் கேக்குறான்.

2011ல இப்படி ஒரு மோதல்ல கேட்சர் பஸ்டர் போஸி கால் முறிஞ்சதுல கிளம்பின பேச்சு, 2014ல அமெரிக்காவோட மேஜர் லீக்ல விதியாச்சு. நேர்வழியை விட்டு விலகிப் போய் ரன்னர் இடிச்சா, கேட்சர் பந்தை விட்டாலும் அவுட். தோளை இறக்குறது, கையால தள்ளுறது எல்லாம் அதுக்கு அடையாளம். கையில பந்து இல்லாம கேட்சரும் வழிய மறிக்கக் கூடாது. த்ரோவைப் பிடிக்க வேற வழியே இல்லாம குறுக்க வந்தா மட்டும் விலக்கு.

என் சிக்கல் இதுதான்: ரன்னர் கோட்டை விட்டு விலகவே இல்ல, ஆனா தோளை இறக்கினான். இதை எப்படி எடுத்துக்கிறது? பந்து, கால், தோள் மூணும் கண்ணுல பட எங்க நிக்கணும்? சின்னப் பசங்களுக்கு ஸ்லைடு (தரையில சறுக்கி பேஸைத் தொடுறது) கட்டாயம்னு நாமளே வச்சுக்கலாமா? வர்ற ஞாயிறு மறுபடி ஆட்டம் இருக்கு, அதுக்குள்ள சொன்னா புண்ணியமா போகும்.