சங்கப் பாடல்களில் பூவுக்கு நிலையான பொருள் உண்டா?

கொன்றைநிழல்:
பூக்களின் குறியீடு என்று பேச்செடுத்தாலே ரோஜா காதலுக்கு, லில்லி தூய்மைக்கு என்றுதான் ஆரம்பிக்கிறோம். அதைவிடப் பழைய, கறாரான ஒரு முறை நம்மிடம் இருக்கிறது. குறிஞ்சி என்றால் கூடல், முல்லை என்றால் காத்திருத்தல், மருதம் ஊடல், நெய்தல் இரங்கல், பாலை பிரிவு. போருக்குப் போனால் இன்னும் துல்லியம். வெட்சி சூடியவன் ஆநிரை கவரப் போகிறான், வஞ்சி சூடியவன் படையெடுக்கிறான், உழிஞை முற்றுகைக்கு, நொச்சி மதில் காவலுக்கு, தும்பை நேருக்கு நேர் மோதலுக்கு, வாகை வெற்றிக்கு. ஒருவன் தலையில் இருக்கும் பூவைப் பார்த்தே அவன் என்ன செய்யப் போகிறான் என்று சொல்லிவிடலாம். இவ்வளவு தெளிவாகப் பூவுக்குப் பொருள் வகுத்த பழைய இலக்கியம் வேறு எதையும் நான் பார்த்ததில்லை. சங்கப் பாட்டைப் படிக்க வருகிறவர்கள் முதலில் இந்தப் பொருள்களை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இலைநுனி:
மனப்பாடம் செய்துகொண்டு போனால் பாதிப் பாட்டு கண்ணில் படாமலே போய்விடும். நான் முழுக்க மறுக்கிறேன்.

தொல்காப்பியத்திலிருந்தே தொடங்குகிறேன். கருப்பொருள் எவை என்று சொல்லும் நூற்பாவில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று வரிசையாக வருகிறது. பூ அங்கே பெயர் சொல்லி இடம்பெறவில்லை, 'அவ்வகை பிறவும்' என்பதற்குள் அடங்குகிறது. பூவைப் பெயர் சொல்லிப் பேசுவது அதற்கு அடுத்து வரும் இந்த நூற்பா:

"எந்நில மருங்கிற் பூவும் புள்ளும்
அந்நிலம் பொழுதொடு வாரா ஆயினும்
வந்த நிலத்தின் பயத்த ஆகும்."

ஒரு பூ தன் நிலத்தோடும் பொழுதோடும் சேர்ந்து வராவிட்டாலும், வந்து சேர்ந்த நிலத்தின் பயனைத்தான் தரும் என்கிறார். இதற்குப் பிறகும் ஒரு பூவுக்கு ஒரு பொருள் என்று எப்படிப் பூட்டுப் போடுகிறீர்கள்?

குறிஞ்சிப்பாட்டையும் பாருங்கள். கபிலர் 99 பூக்களை அடுக்குகிறார். மலையில் நடக்கும் காதல் கதைதான், ஆனால் நெய்தல், தாமரை, முல்லை எல்லாம் அதில் உண்டு. உங்கள் போர்ப் பூக்களான வெட்சி, வஞ்சி, தும்பை, வாகையும் உண்டு. பெண்கள் அவற்றைப் பறித்து வந்து, மழை கழுவிவிட்ட அகன்ற பாறையில் குவிக்கிறார்கள். அந்தக் குவியலில் தும்பை கிடக்கிறதே, அங்கே எந்தப் போர் நடக்கிறது?

கொன்றைநிழல்:
குவியலில் கிடக்கும் பூவுக்கும் தலையில் சூடிய பூவுக்கும் வித்தியாசம் இல்லையா? ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழை அறிவுறுத்தப் பாடியது குறிஞ்சிப்பாட்டு என்று பழைய குறிப்பு சொல்கிறது. வெளியிலிருந்து வந்தவனுக்கு மலையின் செழிப்பைக் காட்ட ஒரு பெரும்புலவன் அடுக்கியது அது. அங்கே பூ எதையும் அறிவிக்கவில்லை. சூடும்போதுதான் அறிவிக்கிறது.

நீங்கள் காட்டிய நூற்பா விதிவிலக்கைச் சொல்வது. பொதுவிதி ஒன்று இருந்தால்தான் விலக்குக்கு வேலை. இன்னொரு நூற்பாவை விட்டுவிட்டீர்கள். போந்தை, வேம்பு, ஆர் என்ற மூன்றையும் வேந்தர்களின் படைகள் எதற்காகச் சூடுகின்றன என்பதற்கு "உறுபகை வேந்திடை தெரிதல் வேண்டி" என்று காரணமே சொல்கிறார் தொல்காப்பியர். பனம்பூ சேரனுக்கு, வேம்பு பாண்டியனுக்கு, ஆத்தி சோழனுக்கு. போர்க்களத்து நெருக்கடியில் யார் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். அதற்கு ஆளாளுக்கு ஒரு பொருள் வைத்துக்கொள்ள முடியாது.

புறநானூறு 45 முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் மோதுகிறார்கள், இருவருமே சோழர்கள். கோவூர் கிழார் இடையில் போய் நின்று சொல்கிறார்: உன் எதிரி பனம்பூச் சூடியவன் இல்லை, வேப்பந்தார் அணிந்தவனும் இல்லை.

"நின்ன கண்ணியும் ஆர்மிடைந் தன்றே, நின்னொடு
பொருவோன் கண்ணியும் ஆர்மிடைந் தன்றே."

இரண்டு தலையிலும் அதே ஆத்தி. எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி. பூவின் பொருள் ஆடாமல் அசையாமல் இருந்ததால்தானே இந்த வாதம் அரசன் நெஞ்சில் இறங்குகிறது?

முதல்மணி:
நான் கொன்றைநிழல் பக்கம். பள்ளியில் பாடம் நடத்துகிறவள். திணைப் பொருளைச் சொல்லிக்கொடுக்காமல் அகநானூற்றுப் பாட்டு ஒன்றை வகுப்பில் வைத்தால் பிள்ளைகளுக்கு வாசலே திறக்காது.

இலைநுனி:
வாசல் திறக்கட்டும் அம்மா. உள்ளே போன பிறகும் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது என்கிறேன்.

கொன்றைநிழல் ஐயா, 45ஆம் பாட்டைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அது குடிப்பூ, அடையாளத்துக்காகவே வைத்தது. ஆனால் நொச்சி என்றால் மதில் காவல் என்றீர்களே, 271ஆம் பாட்டை எடுத்துப் படியுங்கள். வெறிபாடிய காமக்கண்ணியார் பாடியது. நீர்வளம் வற்றாத நிலத்தில் வளர்ந்த நொச்சி. அதை இளம்பெண்கள் இடையில் தழையுடையாக அணிந்திருந்ததை முன்பு பார்த்தோம் என்கிறார். இப்போது அதே நொச்சியை ஒரு வீரன் சூடிப் போய் வெட்டுப்பட்டுக் கிடக்கிறான். மாலை குருதியில் தோய்ந்து உருத் தெரியாமல் போக, ஊன் என்று நினைத்துப் பருந்து தூக்கிக்கொண்டு போகிறது. 'கண்டனம்' என்ற சொல் இரண்டு தடவை வருகிறது, முதலில் தழைக்கு, பிறகு பருந்துக்கு. மதில் காவல் என்ற ஒற்றைப் பொருளோடு மட்டும் இதைப் படித்தால் பெண்கள் உடுத்திய தழை வெறும் முன்னுரையாகிவிடும். அந்தத் தழையை அவர் மறக்கவில்லை என்பதுதான் பாட்டின் வலி.

248இல் ஆம்பலும் அப்படித்தான். சின்ன வயதில் தழையாக உடுத்தியது, கணவன் இறந்த பின் வேளை தவறி உண்ணும் புல்லரிசியைத் தருகிறது. அல்லி அதே அல்லிதான், அவள் வாழ்க்கைதான் மாறிப்போனது. 'ஆம்பல் என்றால்' என்று எந்தப் பட்டியலில் இதை எழுதுவீர்கள்?

காட்டுவழி:
இரண்டு பேரும் ஏட்டிலேயே நிற்கிறீர்கள். கொஞ்சம் செடியையும் பாருங்கள். முல்லைக்குப் பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை. மழைக்காலத்தில், மாலை நேரத்தில் அரும்பு விரியும். மழை வருவதற்குள் திரும்பிவிடுவேன் என்று சொல்லிப் போனவனை எண்ணியிருக்கும் பெண்ணுக்கு அந்த அரும்பு கெடு வந்துவிட்டதைச் சொல்கிறது. காத்திருத்தல் என்ற பொருளை எந்தப் புலவனும் உட்கார்ந்து ஒதுக்கிக் கொடுக்கவில்லை, செடியின் பருவமே கொடுத்தது. மலையில் பூக்கும் நீலக்குறிஞ்சியும் 12 ஆண்டுக்கு ஒருமுறைதான் மொத்தமாகப் பூக்கிறது. 2006இல் பூத்தது, பிறகு 2018இல். அப்படிப்பட்ட பூவின் தேனைச் சொல்லித்தான் குறுந்தொகை 3இல் அவள் தன் நட்பின் அளவைப் பேசுகிறாள்.

அந்தப் பருவ அறிவிப்பையும் மறுக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். குறுந்தொகை 21, ஓதலாந்தையார் பாட்டு. கொன்றை பூத்துக் காடெல்லாம் பொன் அணிந்த கூந்தல்போல நிற்கிறது. காடே இது கார்காலம் என்று சொன்னாலும் நான் நம்ப மாட்டேன் என்கிறாள், "அவர் பொய்வழங் கலரே". 66ஆம் பாட்டில் தோழி இன்னும் ஒருபடி மேலே போய், பருவமில்லாத மழையைக் கார் என்று எண்ணிப் பூத்துவிட்ட கொன்றை பேதை என்கிறாள். பூ சொல்வதை ஏற்பதா வேண்டாமா என்பதே அங்கே வழக்கு.

கொன்றைநிழல்:
கொன்றை பூத்தால் கார் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தால்தானே அவள் மறுக்க முடியும்? நீங்கள் எனக்குத்தான் சாட்சி சொல்கிறீர்கள். புறம் 242இல் குடவாயிற் கீரத்தனார் பெருஞ்சாத்தன் இறந்த பின் முல்லையைப் பார்த்துக் கேட்கிறார்: "முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே." திரும்பி வருகிறவனுக்காகப் பூக்க வேண்டிய பூ, இனி வரவே முடியாதவனின் நாட்டில் பூத்திருக்கிறது. முல்லையின் பொருளை அறியாதவனுக்கு அந்தக் கேள்வி சுடாது.

இலைநுனி:
அந்தப் பாட்டில் காத்திருக்கும் மனைவி எங்கே வருகிறாள்? இளையோர் சூடார், வளையோர் கொய்யார், யாழின் கோட்டால் கொடியை மெல்ல வளைத்துப் பறிக்கும் பாணன் சூடான், பாடினி அணியாள். இவ்வளவுதான் பேர். அவன் இருந்தபோது ஊரே சூடிக்கொண்ட பூ அது, இப்போது தொட ஆளில்லை. கேள்வி அங்கிருந்துதான் பிறக்கிறது. இதற்குள் காத்திருப்பைக் கொண்டுவந்து வைத்தால் பாணனையும் பாடினியையும் பாட்டிலிருந்து வெளியே தள்ள வேண்டியிருக்கும். நான் அவர்களை விட்டுத்தர மாட்டேன்.