இன்டோர் சாக்கர் டிஃபெண்டர்: தனித் தொழிலா, போக்கிடம் இல்லாதவர் பிழைப்பா?

ஆஃப்சைடு_அண்ணாச்சி
அமெரிக்கா கண்ட மிகச் சிறந்த டிஃபெண்டர்களில் கெவின் குரோவும் ஒருவர் என்று பக்கத்து இழையில் ஒருவர் எழுதியிருக்கிறார். சான் டியேகோ சாக்கர்ஸ் அணி ஆட்டக்காரர், இன்டோர் (அரங்குக்குள் ஆடும் கால்பந்து) லீகில் ஐந்து முறை சிறந்த டிஃபெண்டர் விருது வாங்கியவர். அதெல்லாம் சரி. ஆனால் அது என்ன களம்? நீளம் சுமார் 200 அடி, அகலம் 85 அடி, சுற்றிலும் பலகை, ஆஃப்சைடு கிடையாது. ஆஃப்சைடுக்காக வரிசையாக லைன் பிடித்து நிற்க வேண்டாம், முதுகுக்குப் பின்னால் விழும் பந்தைத் துரத்தி 40 கஜம் ஓட வேண்டாம். 1984 சீசனோடு என்.ஏ.எஸ்.எல். என்ற வெளிமைதான லீக் மூடியது, அடுத்த பெரிய வெளிமைதான லீக்கான எம்.எல்.எஸ். 1996இல்தான் வந்தது. இடையில் வேறு வழியில்லாமல் ஆடிய ஆட்டத்துக்கு இவ்வளவு மகுடம் தேவையா?

பலகைக்கணக்கு
காலவரிசை இடிக்கிறதே அண்ணாச்சி. குரோ விருது வாங்கிய இன்டோர் லீக்கான எம்.ஐ.எஸ்.எல். தொடங்கியது 1978 டிசம்பரில். அப்போது என்.ஏ.எஸ்.எல். நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது, பிறகு அதுவே குளிர்காலத்தில் தனியாக இன்டோர் சீசனும் நடத்தியது. குரோ 1984, 1988 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகப் புல்தரையில் ஆடியவர். போக்கிடம் இல்லாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது.

வேலை சுலபம் என்கிறீர்கள், அங்கேதான் தவறு. இந்த ஆட்டத்தில் டிஃபெண்டரின் முதல் வேலை பந்தைப் பறிப்பதல்ல, ஷாட்டை உடம்பால் மறிப்பது. லீக் புள்ளிவிவரத்தில் பிளாக்குக்குத் தனிக் கட்டமே உண்டு. அதைச் செய்யும் முறை இது: உதைப்பவரிடமிருந்து ஒன்றரை மீட்டருக்குள் நெருங்க வேண்டும். அவருடைய ஊன்றுகால் தரையில் பதிந்த பிறகே ஒரு முழங்காலை இறக்க வேண்டும். மற்ற கால் மடங்கி இடைவெளியை அடைக்கும், கை உடம்போடு ஒட்டியிருக்கும். அரை நொடி முந்தி இறங்கினால் அவர் டம்மி காட்டிப் பந்தை இழுத்துக்கொண்டு போய்விடுவார், நீங்கள் தரையில் கிடப்பீர்கள். தள்ளி நின்று இறங்கினாலோ பந்து திசை மாறி உங்கள் கோல்கீப்பரையே ஏமாற்றும்.

அடுத்தது பின்பலகை. எதிரணி வேண்டுமென்றே போஸ்டுக்கு வெளியே ஓங்கி அடிக்கும். பலகையில் பட்டுத் திரும்பும் பந்துக்காகத் தூர போஸ்டில் ஒருவர் காத்திருப்பார். பந்தை வேடிக்கை பார்க்கத் திரும்பினால் அந்த ஆள் கைநழுவிப் போவார். இப்படி வாங்கும் பல கோல்களுக்கு கோல்கீப்பர்மீது பழி விழுகிறது, தப்பு டிஃபெண்டருடையது.

மூணாம்_கோடு
ஷிஃப்டைப் பற்றி யாருமே பேசவில்லையே. ஒன்றரை, இரண்டு நிமிடம் முழு வேகம், பிறகு பெஞ்ச். ஆட்டம் ஓடும்போதே ஆள் மாறும். பந்து எதிர் கோல் பக்கம் இருக்கும்போது மட்டுமே டிஃபெண்டர் வெளியேறலாம். நம் பாதியில் இருக்கும்போது மூச்சு வாங்குகிறதே என்று ஓடினால் இரண்டு பேருக்கு ஒருவர் நிற்பார். வருபவர் அவசரப்பட்டு முன்பே குதித்தால் ஆள் அதிகம் என்று இரண்டு நிமிடத் தண்டனை, ஒருவர் வெளியே உட்கார வேண்டும். அப்புறம் கோல்கீப்பர் நீங்கலாக நான்கு பேர் சதுரமாகப் பெட்டி கட்டி நின்று ஐந்து பேரைச் சமாளிக்க வேண்டியதுதான். பெட்டியில் பந்துப் பக்கத்து முன் ஆள் மட்டும் நெருக்குவார், மற்ற மூவரும் நடுவைச் சுருக்குவார்கள். இரண்டு பேர் சேர்ந்து நெருக்கினால் கதை முடிந்தது.

ஆஃப்சைடு_அண்ணாச்சி
நீங்கள் இருவரும் சொல்வது என் கட்சிக்கே பலம். இரண்டு நிமிட ஓட்டம், முழங்காலில் விழும் பழக்கம், பலகையை நம்பி அடிப்பது. இதே பழக்கத்தோடு வெளி மைதானத்தில் 90 நிமிடம் ஆடினால்? சீக்கிரமே தரையில் விழும் சென்டர் பேக்கைத் தாண்டிப் போவது எந்த ஃபார்வர்டுக்கும் சிரமமில்லை. உடம்பையும் பாருங்கள். பழைய அரங்குகளில் கான்கிரீட்டுக்கும் ஐஸுக்கும் மேலே மெல்லிய கார்ப்பெட், தையல் ஓரத்தில் ஷூ மாட்டும். முழங்கால், இடுப்புத் தசை இரண்டுமே போகும்.

பலகைக்கணக்கு
உடம்பு விஷயத்தில் மறுப்பில்லை. ஆனால் ஃபெர்னாண்டோ கிளாவிஹோவை என்ன செய்வீர்கள்? உருகுவேயில் பிறந்தவர், சாக்கர்ஸ் டிஃபெண்டர், எண்பதுகளின் பெரும்பகுதி இன்டோரில். 1994 உலகக் கோப்பையில் 38 வயதில் அமெரிக்காவுக்கு ஆடினார். டெஸ்மண்ட் ஆம்ஸ்ட்ராங் கிளீவ்லேண்ட் ஃபோர்ஸ், பால்டிமோர் பிளாஸ்ட் என்று ஆடிவிட்டு 1990 உலகக் கோப்பைக்குப் போனவர். குறுகிய இடத்தில் ஆளோடு ஆள் நிற்பதும், பந்து கைமாறிய நொடியே நிலை மாறுவதும் எங்கே படித்தது என்று நினைக்கிறீர்கள்?

ஆஃப்சைடு_அண்ணாச்சி
அதே கிளாவிஹோ பிரேசில் ஆட்டத்தில் சிவப்பு அட்டை வாங்கியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உலகக் கோப்பைக்கு முன்னால் மிஷன் வியேகோவில் தேசிய அணிக்கு முழுநேர முகாம் நடந்தது. வெளி ஆட்டத்துக்கு அணியைத் தயார் செய்தது அந்த முகாம், பலகை அல்ல.

மூணாம்_கோடு
எந்த லீக் என்று சொல்லாமல் இன்டோர் டிஃபெண்டரை எடைபோடுவதும் சரியில்லை. என்.பி.எஸ்.எல். என்ற இன்னொரு இன்டோர் லீகில் தூரத்திலிருந்து அடித்த கோலுக்கு 3 புள்ளி. கோல் பக்கத்திலேயே பதுங்கினால் நஷ்டம், 3 புள்ளி வளைவுக்கு வெளியே போய் மறிக்க வேண்டும். கோலுக்கு ஒரே புள்ளி என்றால் வேலையே வேறு, நடுவைக் காத்தால் போதும். இன்றைய இன்டோர் லீக்கான எம்.ஏ.எஸ்.எல்.லில் குளிர்கால மாதங்கள் மட்டுமே சீசன், பலர் பகலில் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சம்பாதிக்கிறார்கள். தொழில் என்ற சொல்லுக்கே அங்கே பொருள் மாறிவிட்டது.

ஆஃப்சைடு_அண்ணாச்சி
சரி, திறமையை எதை வைத்து அளப்பது? பிளாக் எண்ணிக்கையா? அதிகம் மறித்தவர் என்றால் அவர் பக்கம் அதிக ஷாட் வந்தது என்றும் பொருள்.

பலகைக்கணக்கு
நல்ல கேள்வி. நான் பார்ப்பது கடைசி மூன்று நிமிடம். பின்தங்கிய அணி கோல்கீப்பரை எடுத்து ஆறாவது அட்டாக்கரை இறக்கும். பந்து கிடைத்ததும் காலி கோலைப் பார்த்துக் கண்மூடித்தனமாகத் தூக்கி அடித்தால், களத்தின் குறுக்கே உள்ள மூன்று கோடும் வான்வழியே தாண்டி விதிமீறல், பந்து எதிரணிக்கு. பக்கப் பலகையில் மோதி வெளியேற்றினால் ஆட்டம் தொடரும், அவர்களே ஓடிப்போய் எடுக்க வேண்டும். அந்தப் பதற்றத்தில் பலகையைத் தேடுகிறவர்தான் நல்ல டிஃபெண்டர். இது புள்ளிவிவரத்தின் எந்தக் கட்டத்திலும் பதிவாகாது.

ஆஃப்சைடு_அண்ணாச்சி
பதிவாகாததை வைத்து விருது கொடுக்க முடியாதே!