கண்ணாடி அணிந்தும் தெளியாத பார்வைக்கு ஒரு சொல் தேவை

மொழிபெயர்ப்பாளர், சென்னை

அவையோருக்கு வணக்கம். ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்குமான ஒரு கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போக வேண்டும். மருத்துவமும் கண்ணாடியும் செய்யக்கூடியதைச் செய்த பிறகும் குறைவாகவே இருந்து, ஆயினும் ஏதேனும் ஒரு வேலைக்குப் பயன்படக்கூடிய பார்வையை ‘லோ விஷன்’ என்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இதனைப் பார்வையின்மையிலிருந்து பிரித்தே வரையறுக்கிறது: நல்ல நிலையிலுள்ள கண்ணில், தக்க கண்ணாடி அணிந்த பின்னும், கூர்மை 6/18-க்கு (இயல்பான கண் 18 மீட்டரில் காண்பதை 6 மீட்டரில் காண்பது) மேற்படாமல் 3/60 வரை இருக்க வேண்டும், அல்லது கண்ணை அசைக்காமல் காணும் பரப்பாகிய பார்வைப் புலம் 40 பாகைக்குக் குறைந்து 10 பாகை வரை சுருங்கியிருக்க வேண்டும். ‘பார்வைத்திறன் குறைபாடு’ என்று எழுதினால், அது முற்றிலும் பார்வையற்றவரையும் சேர்த்துக் குறித்துவிடுகிறது. வரைவில் ‘குறைபார்வை’ என்று இட்டிருக்கிறேன். தகுமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

அன்புடையீர், ‘குறைபார்வை’ வினைத்தொகை. குறைந்த, குறைகின்ற, குறையும் என்னும் முக்காலமும் அதற்குள் கரந்து நிற்பதால், பிள்ளையின் பார்வை மேன்மேலும் தேயும் என்று பெற்றோர் அஞ்ச இடமுண்டு. ‘குறை’ என்பதைப் பெயராகக் கொண்டு, ஒற்று மிகுத்துக் ‘குறைப்பார்வை’ என்றெழுதினால், குறையை உடைய பார்வை என்று பொருள் நிலைபெறும்.

இதனினும் சிறந்த சொல்லுக்கு வள்ளுவர் வழிகாட்டியிருக்கிறார். ‘வாளற்றுப் புற்கென்ற கண்ணும்’ என்பது 1261ஆம் குறளின் தொடக்கம். ‘வாள் ஒளி ஆகும்’ என்பது தொல்காப்பிய உரியியல். ஒளி இழந்து மழுங்குதலே புற்கெனல். புன்மை, புல்லென்ற மாலை, நீர்த்துப்போன கூழாகிய புற்கை ஆகிய அனைத்தும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. ஆகவே ‘புற்பார்வை’ என முன்மொழிகிறேன்.

ஆப்டோமெட்ரிஸ்ட், மதுரை

ஐயா, குறள் மேற்கோளுக்கு நன்றி. ஆனால் அச்சொல் கண்பார்வையை அளந்து கண்ணாடி தரும் எங்கள் துறைக்கு ஆகாது. நோக்கும் புள்ளிக்கு வெளியே விளிம்பில் தெரிவதைப் ‘புறப்பார்வை’ என்கிறோம். அச்சில் ஒரு புள்ளி விடுபட்டாலே ஒன்று மற்றொன்றாகப் படிக்கப்படும்.

தவிரவும், மங்குதல் மட்டுமே குறையன்று. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்னும் விழித்திரை நோய் உள்ளவருக்கு ஓரங்கள் இருண்டு, நடுவில் குழாய் வழியே பார்ப்பது போன்ற ஒரு சிறு வட்டம் எஞ்சும். அந்த வட்டத்துக்குள் கூர்மை 6/6 கூட இருக்கலாம். விழித்திரையின் நடுப்பகுதி கெடும் மாகுலாச் சிதைவில் இதற்கு நேர்மாறாக, எதிரில் நிற்பவரின் முகம் மறைந்து, பக்கத்திலுள்ள கதவு தெரியும். உதவிக் கருவியும் இதற்கேற்ப வேறுபடுகிறது. பின்னவருக்கு உருப்பெருக்கி துணை செய்யும்; முன்னவருக்கு எழுத்தைப் பெருக்கிக் காட்டினால் அந்த வட்டத்துக்குள் அடங்கும் எழுத்துகள் குறைந்து, படிப்பது மேலும் கடினமாகும். மங்கல், புன்மை என்று எதை அடைமொழியாக்கினாலும் ஓரம் மட்டும் இருண்ட இந்த முன்னவர் விடுபட்டுப்போவார்.

சிறப்பாசிரியை, திருநெல்வேலி

‘குறைபார்வை’ என்று சொன்னால், கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்னும் வரிசையில் அதையும் வைத்து, “எந்தக் கண்ணாடி போட்டால் சரியாகும்?” என்றுதான் பெற்றோர் என்னிடம் கேட்கிறார்கள். இன்னும் சிலர் மறுகோடிக்குப் போய், கண்ணைப் பயன்படுத்தினால் உள்ளதும் போய்விடும் என்றஞ்சிப் பிள்ளையின் கையிலிருக்கும் புத்தகத்தைப் பிடுங்கி வைக்கிறார்கள். இருப்பதைக் கொண்டு படிக்கலாம் என்பதைச் சொல்லே உணர்த்த வேண்டும். ஆகவே ‘எஞ்சுபார்வை’ என்பது என் பரிந்துரை.

கருவிகளின் பெயர்களையும் கவனியுங்கள். 20 டயாப்டர் திறனுள்ள கைவில்லையை (கையில் பிடிக்கும் உருப்பெருக்கியை) ஏட்டிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் அசையாமல் பிடிக்க வேண்டும். சிறு பிள்ளையின் கை நடுங்கினால் எழுத்து கலங்கிவிடும். கால் வைத்த உருப்பெருக்கியில் அந்தத் தொலைவு மாறாது என்பதால், அதனைத் தாளின் மேல் நகர்த்திச் சென்றாலே போதும். கறுப்பு அட்டையில் ஒரு வரியளவுக்குத் திறப்பு வெட்டிப் பக்கத்தின் மேல் வைப்போம். வெள்ளைத் தாளின் கூச்சம் மறைந்து, படிக்க வேண்டிய வரி மட்டும் எடுப்பாகத் தெரியும். வரைவில் இதற்கு ‘அச்சுநோக்கி’ என்றிருக்கிறது. எங்கள் வகுப்பில் அது ‘வரிச்சட்டம்’. உருப்பெருக்கியைப் பிள்ளைகள் பூதக்கண்ணாடி என்றே கேட்டு வாங்குகிறார்கள். கையேட்டில் அச்சொல்லையும் ஓரிடத்தில் சேர்க்க வேண்டுகிறேன்.

ஆய்வு மாணவர், யாழ்ப்பாணம்

எங்கள் வழக்கில் ‘விழிப்புலனற்றோர்’ என்பது வேரூன்றிய சொல். அதனோடு இயைய ‘விழிப்புலன் குறைவு’ என்று கொண்டால் இரு நாட்டாருக்கும் பொதுவாகும் அல்லவா?

ஆப்டோமெட்ரிஸ்ட், மதுரை

பொதுமை நல்லதே. எனினும் ‘பார்வைப் புலம்’ வரும் பத்தியிலேயே ‘விழிப்புலன்’ என்பதும் வந்தால், படிப்பவர் புலம் சுருங்குவதை மட்டுமே எண்ணிக்கொள்வார். ‘எஞ்சிய பார்வை’ வேறொரு கருத்துக்கு ஏற்கெனவே வேண்டியிருக்கிறது: அது ஒருவரிடம் மீந்துள்ள பார்வையைக் குறிப்பது, நமக்குத் தேவைப்படுவதோ அவருடைய நிலையின் பெயர்.

மென்பொருளாளர், கோயம்புத்தூர்

எனக்கே இந்நிலை உள்ளதால் எழுதுகிறேன். வெண்கோலை ஊன்றிப் பேருந்தில் ஏறி, இருக்கையில் அமர்ந்ததும் கைப்பேசியை எடுத்துப் படித்தால், பார்வையற்றவர் போல் நடிப்பதாகப் பழிக்கிறார்கள். அந்த நேரத்தில் நடத்துநரிடம் சொன்னால் உடனே விளங்கக்கூடிய சொல்லே எனக்கு வேண்டும். ‘குறைபார்வை’ விளங்குகிறது, ‘புற்பார்வை’யையும் ‘எஞ்சுபார்வை’யையும் நான் உரை கூறி விளக்க வேண்டியிருக்கும். தமிழாசிரியர் ஐயாவிடம் ஒன்று கேட்கிறேன்: குறைகுடம் என்றால், இன்னும் நீர் ஒழுகிக்கொண்டிருக்கும் குடம் என்றா கொள்கிறோம்?

மொழிபெயர்ப்பாளர், சென்னை

நாள் நெருங்கிவிட்டது. மறுப்பு மிகக் குறைந்த ‘குறைபார்வை’யையே ஒற்று மிகாமல் வைத்துக்கொள்கிறேன். முதலில் வரும் இடத்தில் “கண்ணாடியால் முழுதும் சரியாகாதது; ஆனால் பயன்படுத்தத்தக்கது” என்ற விளக்கம் சேரும். வரிச்சட்டமும் பூதக்கண்ணாடியும் அப்படியே ஏற்கப்பட்டன.

சிறப்பாசிரியை, திருநெல்வேலி

அந்த விளக்கம் சொல்லுக்கு அருகிலேயே, அதே எழுத்தளவில் வரட்டும். அடிக்குறிப்பாகச் சிறிய எழுத்தில் போட்டால், குறைபார்வையுள்ள பெற்றோர் அதைப் படிக்க முடியாது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

குறைகுடம் வழக்கால் பொருள் நிலைத்த பழஞ்சொல். புதிதாக ஆக்கும் சொல்லுக்கு அந்தக் காப்பு இல்லை. ஒற்றில்லாமல் அச்சேறுவதில் எனக்கு உடன்பாடில்லை என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ‘வாட்குறை’ என்றொரு சொல்லும் மனத்தில் இருக்கிறது. அடுத்த பதிப்புக்கு முன் விரிவாக எழுதுகிறேன்.